லோயருக்குக் காசு கொடுப்போம், துண்டும் கேட்போம்



கொஞ்சம் நீளமான பதிவு. கோட்டுப் படி ஏறியவர்கள், ஏறப் போகிறவர்கள், ஏறியவர்களுக்குக் கடன் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் எல்லோரும் பொறுமையாக வாசியுங்கள். லோயர்மார் நண்பர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள். பாதியில் கோபித்துக்கொண்டு போய்விட வேண்டாம்.

நான் படிப்பிப்பது வணிகக் கல்வி. தரம் 10 பிள்ளைகளுக்கு மூல ஆவணங்கள் என்று ஒரு பாடம் இருக்கிறது. காசு கைமாறினால் அதற்கு ஒரு கடதாசி இருக்க வேண்டும், கடதாசி இல்லாத கொடுக்கல் வாங்கலை ஏட்டில் பதிய முடியாது, இதுதான் அந்தப் பாடத்தின் சாரம். சும்மா பலகையில் எழுதிப் போடாமல், வீட்டில் இருக்கிற பற்றுச்சீட்டுகளைக் கொண்டு வரச் சொன்னேன். கரண்ட் பில் வந்தது, தண்ணி பில் வந்தது, பார்மசித் துண்டு வந்தது, நகை அடகு வைத்த துண்டு கூட வந்தது. கற்பிட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் அல்லவா, ஐஸ் வாங்கிய துண்டும், என்ஜின் பழுது பார்த்த துண்டும் வந்தன.

ஒரு மகன் மட்டும் வெறுங்கையோடு வந்தான். ஏன் மகன் என்று கேட்டேன்.

"எங்கட வீட்டுல பெரிய செலவு லோயருக்குக் குடுக்கிறதுதான் சேர். அதுக்குத் துண்டு தரமாட்டாங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. அவனுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர். இரண்டு வருடத்துக்கு முந்தி நடந்த ஒரு வாகன விபத்து வழக்கு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புத்தளத்துக்குப் போவார். அன்றைக்குக் கடல் இல்லை. பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, லோயருக்குக் காசு. பின்னேரம் வீட்டுக்கு வந்து "தவணை போட்டாச்சு" என்பார். அந்தப் பிள்ளை அறிந்த வழக்கு அவ்வளவுதான்.

எங்களுக்குத் தவணை என்றால் வருடத்துக்கு மூன்று. எது எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று கலண்டரில் இருக்கும். கோட்டுத் தவணைக்கு அப்படியொரு கலண்டர் இல்லை.

அன்றைக்கு இரவு என் மாமாவின் கொப்பி ஞாபகம் வந்தது.

உம்மாவின் நானா. மௌத்தாகி நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய அலுமாரியை ஒழுங்குபடுத்தும்போது மாமி ஒரு சி.ஆர். கொப்பியைத் தூக்கி என் கையில் தந்தார். "நீதானே படிச்ச ஆள், இது என்னெண்டு பாரு" என்றார். தென்னங்காணி ஒன்றின் பிரிவிடல் வழக்குக் கணக்கு. எங்கள் உம்மாவின் வாப்பாவிடமிருந்து வந்த காணி, ஒன்பது உரித்தாளிகள். மாமாவின் பங்கு 18 பேர்ச். வழக்கு 2009இல் தொடங்கி 2020இல் முடிந்திருக்கிறது.

மாமா ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் கோடு போட்டு மூன்று நிரல் வைத்திருந்தார். திகதி, காசு, எதற்கு. மொத்தம் 41 திகதிகள். நாற்பத்தொன்றுக்கும் காசு எழுதியிருக்கிறார். ஆரம்பத்தில் 1,000. பிறகு 2,500. கடைசியில் 5,000. கூட்டிப் பார்த்தேன், 138,500 ரூபாய். இதில் நில அளவையாளருக்குக் கொடுத்தது இல்லை, கொழும்பிலிருந்து வந்த பெரிய லோயருக்கு இரண்டு தடவை கொடுத்ததும் இல்லை. அவற்றை வேறு பக்கத்தில் எழுதியிருந்தார்.

"எதற்கு" என்ற நிரலில் 23 இடத்தில் "தவணை" என்று எழுதியிருந்தார். ஏழு இடத்தில் "விசாரணை". மீதிப் பதினொரு இடம் வெறுமையாக இருந்தது. அதாவது அந்தப் பதினொரு நாளும் என்ன நடந்தது என்று காசு கொடுத்த ஆளுக்கே தெரியாது. கடைசியில் இரு பக்கமும் வீட்டில் உட்கார்ந்து பேசி, அந்தப் பேச்சையே கோட்டில் இணக்கமாகப் பதிந்து வழக்கை முடித்தார்கள்.

ஒரு பற்றுச்சீட்டு கூட அந்தக் கொப்பிக்குள் இல்லை.

இப்போது நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாமாவின் லோயர் களவு செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்ட தொகை அந்தக் காலத்துக்குக் கூடுதலா குறைவா என்று கூட நான் சொல்ல வரவில்லை. என் பிரச்சினை தொகை அல்ல. அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது, அதற்கு ஏன் எழுத்து இல்லை என்பதுதான் என் பிரச்சினை.

லோயருக்கு நாங்கள் கொடுக்கிற காசு எத்தனை வகை என்று நம்மில் பலருக்குத் தெரியாது. பழைய ஆட்களுக்குப் பிரக்கிராசி, அப்புக்காத்து என்று இரண்டு சொல் ஞாபகம் இருக்கும். பிரக்கிராசி கட்சிக்காரரைச் சந்தித்து, பத்திரங்களைத் தயாரித்து, வழக்கைப் பதிந்து நடத்துவார். அப்புக்காத்து கறுப்புக் கோட்டோடு எழும்பி வாதாடுவார். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இந்த இரண்டு வகையையும் ஒன்றாக்கியது. 1974 ஜனவரி முதல் எல்லோரும் சட்டத்தரணி. பெயர் ஒன்றானது. வேலைப் பிரிவு பழக்கத்தில் அப்படியே இருக்கிறது. நாங்கள் கையெழுத்து வைத்துக் கொடுக்கிற பிரொக்சியைக் கோட்டில் போடுகிறவர் பதிவுசெய்த சட்டத்தரணி. விளக்கத்துக்கு எழும்பிப் பேச வேறொருவரைப் பிடிக்கலாம். அப்படிப் பிடித்தால் இரண்டு பேருக்கும் காசு. சிலாபத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஆள் வந்தால் பயணச் செலவும் சேரும். இதற்கு மேல் முத்திரை, பிரதி எடுக்கிற செலவு, அழைப்பாணை அனுப்புகிற செலவு என்று சில்லறைகள்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. வைத்தியர் வேறு, எக்ஸ்ரே வேறு, மருந்து வேறு மாதிரித்தான். ஆனால் வைத்தியசாலையில் அது அதற்குத் தனித்தனித் துண்டு வருகிறது. கோட்டு வராந்தாவில் "இன்டைக்கு அஞ்சாயிரம் தாங்க" என்று ஒரு சொல் மட்டும்தான் வருகிறது. அந்த ஐந்தாயிரத்துக்குள் எது யாருக்கு என்று கட்சிக்காரருக்குத் தெரியாது. கேட்கப் பயம். கேட்டால் நம்முடைய வழக்கைச் சரியாகப் பார்க்கமாட்டாரோ என்ற பயம்.

இரண்டாவது, தவணைக்கு இவ்வளவு என்ற கணக்கு. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீடு கட்டுகிற பாஸ் ஒருவருக்கு, வீடு முடிந்தால் இவ்வளவு என்று பேசாமல், வேலை நடக்காவிட்டாலும் வந்து எட்டிப் பார்க்கிற நாளுக்கு இவ்வளவு என்று பேசினால் அந்த வீடு எப்போது முடியும்? நல்ல பாஸ் என்றால் அப்படியும் முடித்துத் தருவார். ஆனால் அவருடைய நல்ல மனதை மட்டும் நம்பி நாம் வீடு கட்டமாட்டோம் அல்லவா?

தவணை போவதற்கு லோயர் மட்டும் காரணம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நீதிபதி மாறிப் போகிறார். அழைப்பாணை சேரவில்லை. அளவையாளரின் அறிக்கை வரவில்லை. ஒன்பது உரித்தாளிகளில் ஒருவர் மௌத்தாகிவிட்டார், அவருடைய பிள்ளைகளை வழக்கில் சேர்க்க வேண்டும். எதிர்ப்பக்கத்து லோயருக்கு வேறு கோட்டில் வழக்கு. இவ்வளவுக்கும் நம்முடைய லோயர் பொறுப்பாளி இல்லை. ஆனால் வழக்கு இழுபட்டால் கட்சிக்காரருக்கு நட்டம், அவருடைய லோயருக்கு நட்டமில்லை என்ற ஒரு முறையை நாம் எல்லோரும் சேர்ந்து வழக்கமாக்கி வைத்திருக்கிறோம். ஒரே தோணியில் போகிற இரண்டு பேருக்கு இரண்டு திசையில் காற்று அடித்தால் தோணி என்ன செய்யும்?

இதை என்னோடு ஓ.எல். வரை படித்த ஒரு நண்பனிடம் கேட்டேன். இப்போது அவன் லோயர். பெயர் வேண்டாம். முதலில் அவனுக்குக் கோபம் வந்தது.

"மச்சான், நீ மாதம் முடிய சம்பளம் எடுக்கிற ஆள். நான் காலையில ஒன்பது மணிக்குப் போய் நிண்டா, வழக்கைக் கூப்பிடப் பன்னிரண்டு மணியாகும். கூப்பிட்டு ரெண்டு நிமிசத்துல திகதி போடுவாங்க. உனக்குத் தெரியிறது அந்த ரெண்டு நிமிசம். மத்த மூண்டு மணித்தியாலத்துக்கு யாரு காசு தருவா?"

நியாயமான கேள்வி. பிறகு அவன் சொன்னவற்றையும் எழுதுகிறேன், ஒரு பக்கக் கதையாக இருக்கக் கூடாது. இளம் லோயர்மாருக்கு ஆரம்ப வருடங்களில் வருமானம் என்று ஒன்றுமே இல்லை. பெரிய லோயரின் பின்னால் கோப்பு தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். ஊர் ஆள், சொந்தக்காரர், வாப்பாவின் சிநேகிதர் என்று வருகிற வழக்குகளுக்குக் காசு கேட்கவும் முடியாது. "பிறகு பார்த்துக் கொள்ளுவம்" என்கிறவர் வழக்கு முடிந்ததும் அந்தத் தெருவாலேயே வரமாட்டார். அவன் சொன்ன ஒரு வார்த்தை என் மனதில் நின்றுவிட்டது.

"வழக்கு வெண்டா அல்லாஹ் தந்தது. தோத்தா லோயர் வித்துப் போட்டான். வெண்டவனும் காசு தரமாட்டான், தோத்தவனும் தரமாட்டான். அதனாலதான் நாங்க அன்னன்டைக்கு வாங்குறம்."

ஆக, தவணைக் காசு என்பது லோயரின் பேராசையால் மட்டும் வந்த பழக்கம் இல்லை. நம்முடைய நாணயமின்மையும் அதில் இருக்கிறது. நாங்கள் அவரை நம்பவில்லை, அவர் எங்களை நம்பவில்லை. ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு பேருக்கு இடையில் இருக்க வேண்டியது எழுத்து. அதுதான் இல்லை.

லோயர் தேவையே இல்லை என்று பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம்முடைய மதுரங்குளியில் ஒரு தனியார் பாடசாலையில் படிப்பித்த கவிஞர் அஹ்னாப் ஜஸீமை மறந்திருக்கமாட்டீர்கள். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2023 டிசம்பரில். ஒரு ஆசிரியரின் மூன்றரை வருடம். அந்த வழக்கில் எழும்பிப் பேச லோயர்மார் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2020 ஏப்ரல் மாதம் கைதாகி அதே புத்தளம் மேல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்ட ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் தானே ஒரு சட்டத்தரணி. சட்டம் தெரிந்தவருக்கும் கூட வேறொரு சட்டத்தரணி தேவைப்பட்டார். எனவே இந்தத் தொழில் மரியாதைக்குரியது, கூலிக்கும் உரியது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு நம் பக்கத்துக்கு வந்த சகோதரர்களின் காணிகளையும் நினைத்துப் பாருங்கள். ஒரு காணியைப் பத்து வருடம் எதிராக ஆண்டுகொண்டிருந்தால் ஆண்டவருக்கே உரிமை வந்துவிடலாம் என்பது இந்த நாட்டின் காலவிதிப்புச் சட்டம். யுத்தத்தால் தன் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு அந்த விதி நியாயமில்லை என்பதற்காக 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். நல்ல சட்டம். ஆனால் சட்டம் தானாக நடந்து போய்க் காணியைப் பிடித்துத் தராது. அதைக் கோட்டில் சொல்ல ஒரு லோயர் வேண்டும், லோயருக்குக் காசு வேண்டும். மொத்தமாக எவ்வளவு ஆகும் என்று தெரியாத பயத்திலேயே வழக்குப் போடாமல் விட்டவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். கட்டணம் தெரியாமல் இருப்பது காசை மட்டும் எடுக்கவில்லை, உரிமையையும் எடுக்கிறது. இதுதான் எனக்கு இதில் மிகப் பெரிய கவலை.

"லோயரிடம் பில் கேட்பது மரியாதைக் குறைவு" என்று பலர் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. நம் நாட்டுக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை 1889ஆம் ஆண்டு வந்தது. ஒரு பதிவுசெய்த சட்டத்தரணி தன்னுடைய கட்டணத்தைக் கேட்டுக் கட்சிக்காரர் மீது வழக்குப் போட வேண்டுமானால், முதலில் கட்டணத்தையும் செலவுகளையும் எழுதிக் கையொப்பமிட்ட ஒரு விவரத்தைக் கட்சிக்காரருக்குக் கொடுத்திருக்க வேண்டும், அதன் பிறகு ஒரு மாதம் கழிய வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதாவது 130 வருடத்துக்கு மேலாக, லோயரும் கட்சிக்காரரும் எழுத்தில் கணக்குப் பார்ப்பார்கள் என்று சட்டம் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. நாங்கள்தான் வராந்தாவில் கைக்குள் கை வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

மார்க்கத்தில் இதற்கு இடம் தேடவே வேண்டியதில்லை. அல்குர்ஆனின் ஆக நீளமான வசனம் நோன்பைப் பற்றியதோ ஹஜ்ஜைப் பற்றியதோ அல்ல, கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. கூலிக்கு ஆள் பிடிக்கிற ஒப்பந்தத்தில் வேலையும் கூலியும் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஓதிப் படித்த எந்த மௌலவியும் சொல்லுவார். தேங்காய் பறிக்கிறவரிடம் மரத்துக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் ஏறச் சொல்லுகிறோம். வாழ்க்கையின் ஆகப் பெரிய வழக்கைக் கொடுக்கும்போது மட்டும் கேட்பதில்லை.

வழக்கு வேண்டாம், உறுதி எழுதுவதைப் பாருங்கள். காணி வாங்கும்போது நொத்தாரிசிடம் போகிறோம். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்பார். அந்த "எல்லாம்" என்பதற்குள் என்ன இருக்கிறது? விலைக்கு வாங்குகிற காணிக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். இருபது இலட்சத்துக்கு ஒரு காணி வாங்கினால் முதல் இலட்சத்துக்கு 3,000, மிகுதி 19 இலட்சத்துக்கு 76,000, மொத்தம் 79,000. இது அரசுப் பக்கத்துக்குப் போகிற காசு. பதிவுச் செலவும் தோம்பு தேடுகிற செலவும் வேறு. மீதிதான் நொத்தாரிசின் கூலி. தரம் 10 பிள்ளை போடுகிற கணக்கு இது. இதைப் பிரித்துக் கேட்டால், நாங்கள் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரியும். நொத்தாரிசு கூடுதலாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், அதில் பெரும் பங்கு தீர்வை என்று அறிந்தால் அவர் மேல் இருந்த தவறான எண்ணமும் போய்விடும். எழுத்து லோயரையும் பாதுகாக்கும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வேறு நாடுகளில் எப்படி என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். ஜெர்மனியில் வழக்கின் பெறுமதிக்கு ஏற்ப லோயரின் கட்டணத்துக்கு ஒரு சட்ட அட்டவணையே இருக்கிறது. இங்கிலாந்தில் 2018 டிசம்பர் முதல், வீடு காணி கைமாற்றம் போன்ற குறிப்பிட்ட சேவைகளுக்குச் சட்ட நிறுவனங்கள் தங்கள் விலையைப் பகிரங்கமாகப் போட வேண்டும். அமெரிக்காவில் விபத்து நட்டஈட்டு வழக்குகளில், வென்றால் கிடைக்கிற தொகையில் ஒரு பங்கு, தோற்றால் கட்டணமில்லை என்ற முறை நடக்கிறது. இந்தியாவில் அதே முறைக்கு வழக்கறிஞர் கழக விதிகள் தடை போட்டிருக்கின்றன, வெற்றியில் பங்கு பேசக் கூடாது என்று. எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒவ்வொரு முறைக்கும் ஒரு நன்மையும் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வென்றால் பங்கு என்றால் ஏழைக்கு லோயர் கிடைப்பார், ஆனால் இலகுவாக வெல்லக் கூடிய வழக்கை மட்டும் எடுப்பார்கள். அட்டவணை போட்டால் விலை தெரியும், ஆனால் சின்ன வழக்குக்கு யாரும் மினக்கெடமாட்டார்கள். ஆனால் இந்த ஒவ்வொரு முறையிலும் கட்சிக்காரர் தொடக்கத்திலேயே கணக்கைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அதுவாவது நமக்கு வேண்டும்.

காசே இல்லாதவர்கள் என்ன செய்வது? இதையும் நம் ஆட்கள் அறிந்துவைத்திருக்க வேண்டும்.

சட்ட உதவி ஆணைக்குழு என்று ஒன்று 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டாக்கப்பட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனையும், தகுதி இருந்தால் கோட்டில் தோன்ற லோயரும் தரும். கோட்டுக்குப் போகும் நாளில் அதன் நிலையம் எங்கே என்று விசாரியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அது நம்முடைய வரிக் காசு. மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டவருக்கு லோயர் பிடிக்க வசதியில்லை என்றால், கோட்டே ஒருவரை நியமிக்க வழி இருக்கிறது.

சின்னக் கடன் தகராறு, வேலித் தகராறு என்றால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே இரு பக்கமும் தாங்களே உட்கார்ந்து பேச வேண்டும், லோயர் வந்து வாதாடுகிற இடமில்லை. என் மாமா 41 தவணைக்குப் பிறகு செய்ததைத்தான் அங்கே முதலிலேயே செய்யச் சொல்கிறார்கள்.

நம்முடைய காதி நீதிமன்றத்திலும் அப்படித்தான். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி காதியாரின் முன்னால் லோயர் தோன்ற முடியாது. அதனால் லோயர் செலவு இல்லை. ஆனால் லோயர் இல்லாதது எல்லோருக்கும் நன்மை என்றும் சொல்ல முடியாது. பேசத் தெரிந்த மாப்பிள்ளையும், பேசிப் பழக்கமில்லாத பெண்பிள்ளையும் எதிர் எதிரே நிற்கும்போது, லோயர் இல்லாத குறை யாருக்கு வலிக்கும் என்று அந்தப் பெண்ணின் உம்மாவிடம் கேளுங்கள். அதனால் கூலி இல்லாத நீதியை விட, கூலி தெரிந்த நீதியே எனக்கு நல்லதாகப் படுகிறது.

சரி, இனி என்ன செய்யலாம்?

லோயரிடம் முதல் நாள் போகும்போது ஐந்து கேள்வி கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

ஒன்று, இந்த வழக்கு எத்தனை கட்டமாகப் போகும், ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு?

இரண்டு, வழக்கைக் கூப்பிட்டுத் திகதி மட்டும் போடுகிற நாளுக்கும், விசாரணை நடக்கிற நாளுக்கும் ஒரே கட்டணமா?

மூன்று, வேறு லோயர் பிடிக்க வேண்டி வந்தால் எனக்கு முன்கூட்டியே சொல்வீர்களா, அவருக்கு எவ்வளவு?

நான்கு, உங்கள் கூலி எவ்வளவு, முத்திரை, பதிவு, பிரதி மாதிரியான செலவு எவ்வளவு?

ஐந்து, நான் தருகிற காசுக்குத் துண்டு தருவீர்களா?

இரண்டாவது கேள்விக்கு என் நண்பனே ஒரு வழி சொன்னான். முழு வழக்குக்கும் ஒரு தொகை பேசி, அதை நாலு ஐந்து கட்டமாகப் பிரிக்கலாம். பிரொக்சி போடும்போது ஒரு பங்கு, மறுமொழி போடும்போது ஒரு பங்கு, விசாரணை தொடங்கும்போது ஒரு பங்கு, தீர்ப்பின்போது மீதி. திகதி போடுகிற நாளுக்கு வந்து நின்ற செலவுக்காகச் சின்னத் தொகை ஒன்று. இப்படி எழுதிக் கையெழுத்து வைத்தால், தவணை போனாலும் கட்சிக்காரர் உடைந்து போகமாட்டார், வழக்கு முடிந்த பிறகு லோயரும் ஏமாறமாட்டார். "எனக்கும் நல்லம்தான் மச்சான், ஆனா நான் மட்டும் எழுதிக் குடுத்தா, இவன் புதுசா நடிக்கிறான் எண்டு சொல்லுவாங்க" என்றான். ஆகவே இதை ஒருவர் செய்ய முடியாது. ஊரிலுள்ள லோயர்மார் எல்லோரும் சேர்ந்து தமிழில் ஒரு பக்கப் படிவம் ஒன்றைத் தயாரித்தால் போதும். சட்டத்தரணிகள் சங்கக் கிளைகளில் இருக்கிற நண்பர்கள் இதைப் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பள்ளி நிர்வாகங்களும் ஒன்று செய்யலாம். ஜனாஸா அறிவித்தல், இரத்த தானம் எல்லாம் பலகையில் போடுகிறோம். சட்ட உதவி ஆணைக்குழு எங்கே இருக்கிறது, மத்தியஸ்த சபை எந்த நாள் கூடுகிறது என்று ஒரு துண்டு அதே பலகையில் ஒட்டுவதற்கு என்ன செலவு?

இனி எங்கள் பக்கம். இதை எழுதும்போது என் மனச்சாட்சி ஒரு கேள்வி கேட்டது. "நீ பின்னேர வகுப்புக்குக் காசு வாங்குகிறாயே, துண்டு கொடுக்கிறாயா?"

இல்லை. கொடுத்ததில்லை. மாதம் முடிய பிள்ளைகள் கடித உறையில் கொண்டு வந்து தருவார்கள், நான் கொப்பியில் ஒரு சரி போடுவேன். வகுப்பு நடக்காத நாளுக்கும் அதே காசு. வகுப்பில் மூல ஆவணம் படிப்பிக்கிற ஆள், வீட்டில் மூல ஆவணம் இல்லாமல் நடத்துகிறேன். லோயருக்குச் சொன்னது எனக்கும் பொருந்தும். இந்த மாதத்திலிருந்து துண்டுப் புத்தகம் ஒன்று அடித்து வைத்திருக்கிறேன். நடக்காத வகுப்புக்குக் காசு குறைத்துத்தான் எழுதுகிறேன். முதல் மாதம் கணக்குப் பார்க்கும்போது கொஞ்சம் கை நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன்.

கடைசியாக அந்த மகனின் கதை. அவனிடம் இந்த ஐந்து கேள்வியையும் கொப்பியில் எழுதச் சொல்லி, வாப்பாவிடம் வாசித்துக் காட்டச் சொன்னேன். அடுத்த தவணைக்குப் போனபோது அவர் ஐந்தையும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டிருக்கிறார், அதுவும் தயங்கித் தயங்கி. "சேர், மகன்ட ஸ்கூலுக்கு ஒரு துண்டு வேணுமாம்" என்று. லோயர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டு, தன்னுடைய விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் திகதியும் தொகையும் வழக்கு இலக்கமும் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறார்.

மகன் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு வந்து என் மேசையில் வைத்தான். "மூல ஆவணம் சேர்" என்றான்.

பாடப்புத்தகத்தின்படி பார்த்தால் அது பூரணமான பற்றுச்சீட்டு இல்லை. தொடர் இலக்கம் இல்லை, என்ன சேவைக்கு என்று விவரம் இல்லை. இருந்தாலும் முழுப் புள்ளி போட்டேன். என் மாமாவின் 41 திகதிக்கும் கிடைக்காத ஒன்று அது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கொப்பி இருக்கும். தேடி எடுத்துக் கூட்டிப் பாருங்கள். அடுத்த தவணைக்குப் போகும்போது ஒரு துண்டு கேளுங்கள்.